விசுவாமித்திரர்: பட்டமும் தவமும் – ஒரு திறனாய்வு

விசுவாமித்திரர், அரச குலத்தில் பிறந்து தவத்தால் பிரம்மரிஷி நிலையை அடைந்தவராக இந்தியத் தொன்மங்கள் கூறும் முனிவர். கோசிகர் என்பது அவருடைய மற்றொரு பெயர். இருக்கு வேதத்தின் மூன்றாம் மண்டலம் அவருக்கும் அவர் மரபினருக்கும் உரியதாகக் கொள்ளப்படுகிறது. காயத்திரி மந்திரம் இடம்பெறுவது இம்மண்டலத்தில்தான். ஐதரேய பிராமணம், வால்மீகி இராமாயணம், மகாபாரதம், மார்க்கண்டேய புராணம் ஆகியவை அவருடைய வாழ்வை வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன.

தமிழ்நாட்டில் அவரை நினைவில் நிறுத்தியிருப்பவை நூல்களைவிட வழக்குகளே. இரண்டுங்கெட்டான் நிலையைத் 'திரிசங்கு சொர்க்கம்' என்கிறோம். எளிதில் பாராட்டாத ஒருவர் வாய்திறந்து பாராட்டிவிட்டால் 'வசிட்டர் வாயால் பிரம்மரிஷி' என்கிறோம். இந்த இரண்டாவது வழக்கு விசுவாமித்திரரின் வாழ்வு முழுவதையும் ஒரு சான்றிதழுக்கான காத்திருப்பாகச் சுருக்கிவிட்டது. மூல நூல்களைப் படித்தால் கதையின் மையம் அங்கே இல்லை என்பது தெரியவரும்.

வழக்கும் மூலமும்

மக்கள் வாய்மொழியாகச் சொல்லும் கதை பின்வருமாறு அமைகிறது. எல்லாரும் விசுவாமித்திரரைப் பிரம்மரிஷி என்று ஏற்ற பின்னும் வசிட்டர் மட்டும் ஏற்கவில்லை. சினம் கொண்ட விசுவாமித்திரர் அவரைக் கொல்ல இரவில் ஆசிரமத்தின் பின்னால் ஒளிந்து நிற்கிறார். உள்ளே வசிட்டர் அருந்ததியிடம் தம்மைப் புகழ்ந்து பேசுவது காதில் விழுகிறது. ஆயுதத்தை எறிந்துவிட்டுக் காலில் விழுகிறார். வசிட்டர் அவரைப் 'பிரம்மரிஷியே, எழுந்திரும்' என்று அழைக்கிறார்.

கதை உருக்கமானதுதான். ஆனால் வால்மீகியின் பாலகாண்டத்தில் இது இல்லை. அங்கே விசுவாமித்திரரைப் பிரம்மரிஷி என்று முதலில் அறிவிப்பவர் பிரம்மா. அறிவிப்பு வந்தபின் விசுவாமித்திரர் தாமே ஒரு வேண்டுகோளை வைக்கிறார்: ஓங்காரமும் வேதங்களும் தமக்கு உரியவை ஆக வேண்டும், வசிட்டரும் இதைச் சொல்ல வேண்டும். தேவர்கள் வசிட்டரை இசைவிக்கிறார்கள். அவர் வந்து நட்புச் செய்துகொண்டு, அப்படியே ஆகுக என்கிறார். விசுவாமித்திரரும் அவரைப் பூசித்துப் போற்றுகிறார்.

வசிட்டரின் சொல் இங்கே பட்டத்தைத் தருவதில்லை. பட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. அவருடைய சொல்லால் நேர்வது பகையின் முடிவு. ஒரு பசுவுக்காகத் தொடங்கிய போர், தொடங்கிய இருவரிடையே முடிந்தாக வேண்டும் என்பதால்தான் வால்மீகி வசிட்டரை அங்கே வரவழைக்கிறார். வழக்கு இதைத் தலைகீழாக்கி, நட்பைச் சான்றிதழாக மாற்றிவிட்டது.

நான்கு திசைகள், நான்கு பட்டங்கள்

பாலகாண்டத்தில் இக்கதை ஒழுங்கான கட்டமைப்பு உடையது. படையுடன் வந்த அரசனுக்கு வசிட்டர் சபலை என்ற பசுவின் துணையால் விருந்தளிக்கிறார். நாட்டிலுள்ள மணிகள் அரசனுக்கே உரியவை, இப்பசுவும் ஒரு மணியே என்று வாதாடி அரசன் அதைக் கேட்கிறான். இலட்சம் பசுக்களை மாற்றாகத் தருவதாகச் சொல்லியும் வசிட்டர் மறுக்கிறார். பறிக்க முயன்றபோது பசுவிலிருந்து படைகள் எழுகின்றன. வசிட்டரைத் தாக்க ஓடிய அரசனின் மைந்தர்கள் அவரது ஹுங்கார ஒலியிலேயே எரிந்து போகிறார்கள். அரசன் இமயம் சென்று சிவனிடம் அத்திரங்களைப் பெற்று மீண்டும் வருகிறான். வசிட்டர் தம் கைத்தண்டு ஒன்றால் அவை அனைத்தையும் விழுங்கச் செய்கிறார். படைவலிமையின் சிறுமையை உணர்ந்த அரசன் அதன்பின் தவத்தைத் தேர்ந்தெடுக்கிறான்.

அடுத்து வருபவை நான்கு திசைகளில் நான்கு தவங்கள். தெற்கே செய்த தவத்துக்குப் பிரம்மா ராஜரிஷி என்ற பெயரைத் தருகிறார். மேற்கே புஷ்கரத்தில் செய்த தவத்துக்கு ரிஷி என்ற பெயரும், வடக்கே கௌசிகி ஆற்றங்கரையில் செய்த தவத்துக்கு மகரிஷி என்ற பெயரும் கிடைக்கின்றன. கிழக்கே செய்த தவத்தின் முடிவில்தான் பிரம்மரிஷி என்ற பெயர் வருகிறது. ஒவ்வொரு பட்டத்தை அடுத்தும் ஒரு சோதனை வருகிறது. ராஜரிஷி ஆனபின் திரிசங்கு வந்து, உடலோடு விண்ணுலகம் செல்ல உதவி கேட்கிறான். ரிஷி ஆனபின் மேனகை வருகிறாள். மகரிஷி ஆனபின் அரம்பை வருகிறாள். ஈட்டிய தவம் ஒவ்வொரு முறையும் செலவாகிவிடுகிறது. பட்டம் கூடக்கூட அவருடைய குறையும் வெளிப்பட்டுக்கொண்டே வருகிறது.

காமமா, சினமா?

விசுவாமித்திரர் என்றதும் பலருக்கும் மேனகையே நினைவுக்கு வருகிறாள். மகாபாரதத்தின் ஆதிபருவமும் காளிதாசரின் சாகுந்தல நாடகமும், குழந்தையை ஏற்காமல் முகம் திருப்பி நிற்கும் முனிவரைக் காட்டும் இராஜா ரவிவர்மாவின் ஓவியமும் இதற்குக் காரணங்கள். ஆனால் வால்மீகியின் கதையில் மேனகை கடைசித் தடை அல்லள். பத்து ஆண்டுகள் அவளோடு வாழ்ந்தபின் இது தேவர்களின் சூழ்ச்சி என்று விசுவாமித்திரர் உணர்கிறார். அவள் அஞ்சி நடுங்கி நிற்கிறாள். அவர் அவளைச் சபிக்கவில்லை. இனிய சொற்களைச் சொல்லி அனுப்பிவைக்கிறார். சகுந்தலையைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் இல்லை.

அவர் மகரிஷி ஆனபோது, தாம் புலன்களை வென்றுவிட்டோமா என்று பிரம்மாவிடம் கேட்கிறார். இன்னும் இல்லை என்று விடை வருகிறது. அதன் பொருள் அரம்பை வரும்போது விளங்குகிறது. இந்திரன் அவளைக் குயிலோடும் வசந்தத்தோடும் அனுப்புகிறான். விசுவாமித்திரர் மயங்கவில்லை. சூழ்ச்சியைக் கண்டுகொள்கிறார், ஆனால் சினம் பொங்கி, பதினாயிரம் ஆண்டு கல்லாகக் கிட என்று அவளைச் சபிக்கிறார். ஏவலுக்கு உட்பட்டு அஞ்சியபடியே வந்த ஒரு பெண்மீது அச்சினம் பாய்கிறது. சபித்த உடனே தம் தவம் கரைந்ததை அவர் உணர்கிறார். காமத்தை வென்றவரைச் சினம் வென்றுவிட்டது.

ஆகவே கிழக்கே அவர் மேற்கொள்ளும் தவம் முந்தியவற்றிலிருந்து வேறுபட்டது. இனிச் சினம் கொள்வதில்லை, பேசுவதில்லை என்பதே அதன் உறுதிமொழி. ஆயிரம் ஆண்டு நோன்பு முடிந்து உண்ண அமரும் வேளையில் இந்திரன் அந்தணன் வடிவில் வந்து அந்தச் சோற்றைக் கேட்கிறான். விசுவாமித்திரர் முழுவதையும் கொடுத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் மீண்டும் நோன்பில் அமர்கிறார். இக்கதையின் உச்சம் இந்தச் சிறிய நிகழ்ச்சிதான். 'மணி அரசனுக்கே உரியது' என்று பிறர் பசுவைப் பறிக்க வந்தவர், தமக்கே உரிய ஒருவேளைச் சோற்றை மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகிறார். தொடக்கமும் முடிவும் உணவைச் சுற்றியே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. பசு விருந்தளித்த இடத்தில் பிறந்த பேராசை, பசித்த வயிற்றோடு சோற்றை ஈந்த இடத்தில் தீர்கிறது.

கதை சொல்லப்படும் இடம்

பாலகாண்டத்தில் இவ்வரலாறு நேராகச் சொல்லப்படுவதில்லை. மிதிலையில் சனகனின் குலகுருவாகிய சதானந்தர் இராமனுக்கு இதைச் சொல்கிறார். கம்பரும் மிதிலைக் காட்சிப் படலத்தில் சதானந்தர் வாயிலாகவே கோசிகரின் வரலாற்றைக் கூறுகிறார். சதானந்தர் அகலிகையின் மகன். தாய் சாபம் நீங்கிய செய்தியைக் கேட்டு நெகிழ்ந்த நிலையில், அதற்கு வழிசெய்த முனிவரைப் பற்றி அவர் பேசுகிறார். தோல்விகள் எதையும் அவர் மறைக்கவில்லை. விசுவாமித்திரரும் அந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார். தம் பேராசையும் சறுக்கல்களும் தம் மாணவன் முன்னிலையில் வரிசையாகச் சொல்லப்படும்போது அவர் குறுக்கிடுவதில்லை. அந்த மௌனமே அவர் எட்டிய நிலைக்குச் சான்றாக நிற்கிறது.

கதை வரிசையில் வாசகர் விசுவாமித்திரரை முதலில் காண்பது தசரதன் அவையில். அரக்கர்களைச் சபித்து அழிக்கும் ஆற்றல் இருந்தும், வேள்வி நோன்பில் சினத்தை வெளிவிடத் தமக்கு மனமில்லை என்று அவர் சொல்லி, இராமனைத் துணையாகக் கேட்கிறார். அரம்பையின் நிகழ்ச்சியை அறிந்தபின் இந்த வேண்டுகோளைத் திரும்பப் படித்தால் அதன் எடை புரியும். ஆயினும் தசரதன் தயங்கும்போது அவர் சினம் கொள்கிறார், நிலம் நடுங்குகிறது. இதை முரண்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. சினத்தை வென்றவரிடமும் அதன் வேர் எஞ்சியிருக்கிறது என்று காட்டியதால்தான் வால்மீகியின் முனிவர் நம்பத்தக்க மனிதராக இருக்கிறார். அந்த இக்கட்டில் தசரதனுக்கு அறிவுரை கூறி இராமனை அனுப்பிவைக்கச் செய்பவர் வசிட்டர். விசுவாமித்திரர் அரசாண்ட காலத்தில் பெற்ற அத்திரங்களின் சிறப்பையும் அவரே எடுத்துரைக்கிறார். பழைய பகைவர்கள் நண்பர்கள் ஆனதன் பயன் இராமனுக்குக் கிடைக்கிறது.

வேதம் காட்டும் வேறு முகம்

இருக்கு வேதத்தில் தவத்தால் குலம் மாறிய அரசன் என்ற கதை இல்லை. அங்கே விசுவாமித்திரர் புலவர், புரோகிதர். மூன்றாம் மண்டலத்தின் 33ஆம் பாடல் அவருக்கும் விபாசை, சுதுத்ரி என்ற இரண்டு ஆறுகளுக்கும் இடையிலான உரையாடல். இவை இன்றைய பியாஸ், சட்லெஜ் ஆறுகள். தம் கூட்டத்தார் கடந்து செல்லும்படி நீரைத் தாழ்த்துமாறு அவர் பணிவோடு கேட்க, ஆறுகள் இணங்குகின்றன. இதே ஆறுகள் மகாபாரதத்தில் வசிட்டர் கதையில் வருகின்றன. மைந்தர்களை இழந்த வசிட்டர் உயிர்விட எண்ணித் தம்மைக் கட்டிக்கொண்டு விழும்போது, விபாசை அவருடைய கட்டுகளை அவிழ்த்துக் கரைசேர்க்கிறது.

வசிட்டரோடு பகை என்ற கருத்தின் வேரும் வேதத்திலேயே தேடப்படுகிறது. சுதாசு என்ற அரசனோடு இருவருடைய மரபும் தொடர்புடையன. மூன்றாம் மண்டலத்தின் 53ஆம் பாடலின் இறுதிச் செய்யுள்கள் வசிட்டர் மரபைப் பழிப்பவை என்று பிற்கால மரபு கருதியது. யாஸ்கரின் நிருக்தத்துக்கு உரை எழுதிய துர்கர், தாம் வசிட்டர் வழியினர் ஆதலால் அச்செய்யுளுக்குப் பொருள் சொல்லப்போவதில்லை என்று எழுதி நகர்ந்துவிடுகிறார். புராணப் பகை உரையாசிரியரின் எழுத்தாணியையும் நிறுத்தியது.

எனினும் ஐதரேய பிராமணத்தில் அரிச்சந்திரனின் வேள்வியில் இருவரும் சேர்ந்தே அமர்ந்திருக்கிறார்கள். விசுவாமித்திரர் ஓதும் பணியை ஏற்க, வசிட்டர் வேள்வியைக் கண்காணிக்கும் பிரம்மன் என்ற பொறுப்பில் இருக்கிறார். நூறு பசுக்களுக்குத் தந்தையால் விற்கப்பட்ட சுனச்சேபன் அங்கே பலிக்கம்பத்தில் கட்டப்படுகிறான். விடுபட்டதும் அவன் விசுவாமித்திரரின் மடியில் அமர்கிறான். அவரை அரச மகனே என்றும் அழைக்கிறான். அரச மரபும் வேதப் புலமையும் ஒருவரிடமே அமைந்திருப்பது அந்நூலுக்கு வியப்பாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் இடையில் மதில் எழுந்த பிற்காலத்துக்கே, அதை ஒருவர் எப்படித் தாண்டினார் என்பதை விளக்க ஒரு நீண்ட கதை தேவைப்பட்டது.

பிறப்பா, முயற்சியா?

அந்த விளக்கம் இரண்டு வகையாக வந்தது. ஒன்று மேலே கண்ட தவக்கதை. மற்றொன்று மகாபாரதம் சொல்லும் சரு மாற்றக் கதை. சரு என்பது வேள்வியில் மந்திரித்துத் தரும் சோறு. ரிசீக முனிவர் தம் மனைவி சத்தியவதிக்கு அந்தண இயல்புள்ள மகனும், அவளுடைய தாய்க்கு வீர இயல்புள்ள மகனும் பிறக்க இரண்டு சருக்களைத் தருகிறார். தாயும் மகளும் அவற்றை மாற்றி உண்டுவிடுகிறார்கள். தாய்க்குப் பிறந்தவர் விசுவாமித்திரர். சத்தியவதியின் வேண்டுதலால் அவளுக்குரிய வீர இயல்பு ஒரு தலைமுறை தள்ளி, பேரனாகிய பரசுராமரிடம் வெளிப்பட்டது.

அனுசாசன பருவத்தில் தருமன் இக்கேள்வியை நேராகவே கேட்கிறான்: அரச குலத்தவர் எப்படி அந்தணர் ஆனார்? பீஷ்மர் சரு கதையை விடையாகச் சொல்கிறார். கதையாக இது சுவையானது. ஆனால் அது செய்யும் வேலை கூர்ந்து பார்க்கத்தக்கது. விசுவாமித்திரர் கருவிலேயே அந்தணர் என்றால், அவர் எந்த எல்லையையும் தாண்டவில்லை. தமக்கு உரிய இடத்துக்குத் திரும்பி வந்தார், அவ்வளவே. நான்கு திசைகளின் தவமும் கொடுத்துவிட்ட சோறும் தேவையற்றவை ஆகிவிடுகின்றன. தவக்கதை திறந்த கதவைச் சரு கதை மெல்லச் சாத்துகிறது. மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் படிப்பதைவிட, ஒரே கேள்விக்கு மரபு தந்த இரு எதிரெதிர் விடைகளாகப் படிப்பதே பொருத்தம்.

கீழே தள்ளப்பட்டவர்கள்

தவக்கதையும் குற்றமற்றது அன்று. தாம் ஏணியில் ஏறிய விசுவாமித்திரர் மற்றவர்களை அதே ஏணியிலிருந்து கீழே தள்ளினார். திரிசங்குவின் வேள்வியை இகழ்ந்த வசிட்டரின் மைந்தர்களை நாய் இறைச்சி உண்பவர்களாகுமாறு சபித்தார். மகோதயர் என்ற முனிவரை வேடனாகுமாறு சபித்தார். சுனச்சேபனுக்கு மாற்றாகப் பலியாக மறுத்த தம் பிள்ளைகளுக்கும் வசிட்டர் மைந்தர்களுக்கு நேர்ந்த கதியே நேரும்படி சபித்தார். ஐதரேய பிராமணத்திலோ, சுனச்சேபனை அண்ணனாக ஏற்க மறுத்த ஐம்பது மூத்த பிள்ளைகள் அவருடைய சாபத்தால் ஆந்திரர், புண்டிரர், சபரர், புளிந்தர் முதலிய எல்லைப்புற மக்கள் ஆயினர் என்று கூறப்படுகிறது.

ஒரு சிறுவனைக் காப்பாற்றியது அவருடைய பெருமை. அவனைக் காக்கும் அதே நிகழ்ச்சியில் முழு இனக்குழுக்களைச் சாபத்தின் விளைவாகக் காட்டுவது, அந்நூல்கள் தோன்றிய சமூகத்தின் பார்வை. பிறப்பின் எல்லையைத் தாண்டிய ஒருவரைக் கொண்டே அந்த எல்லைக்குக் காவல் போடுகிறார்கள். இம்முரண்பாட்டைக் கண்டுகொள்ளாமல் அவரை முயற்சியின் திருவுருவமாக மட்டும் போற்றுவது அரைகுறை வாசிப்பாகும்.

மகாபாரதத்தின் சாந்தி பருவம் இதற்குத் தன்னையறியாமலே ஒரு மறுமொழி தருகிறது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் பசியால் வாடிய விசுவாமித்திரர் ஒரு சண்டாளரின் குடிசையில் நாயின் தொடை இறைச்சியைத் திருட நுழைகிறார். விழித்துக்கொண்ட வீட்டுக்காரர், இது உமக்குத் தகாது என்று அறத்தை எடுத்துச் சொல்லித் தடுக்கிறார். முனிவரோ உயிரோடு இருந்தால்தான் அறம் செய்ய முடியும் என்று வாதிட்டு அதை எடுத்துச் செல்கிறார். உண்ணும் முன் தேவர்களுக்குப் படைக்கையில் மழை பெய்கிறது. பிறரைச் சபிக்க அவர் பயன்படுத்திய அதே உணவு, இங்கே அவர் கையிலேயே வந்து சேர்கிறது. அறம் பேசுபவர் குடிசைக்காரர், திருடுபவர் பிரம்மரிஷி. ஆபத்துக் காலத்து அறத்தை விளக்கவே பீஷ்மர் இதைச் சொன்னாலும், சாபங்களின் வரிசையை அறிந்த வாசகருக்கு இது வேறொரு பாடத்தையும் தருகிறது.

தமிழ்நாட்டில் தெருக்கூத்துகளின் வழியாக நன்கு அறியப்பட்ட அரிச்சந்திரன் கதையிலும் அவர் கொடுமைக்காரராகவே வருகிறார். மார்க்கண்டேய புராணம் இக்கதையின் தொடர்ச்சியாக, விசுவாமித்திரரும் வசிட்டரும் ஒருவரையொருவர் சபித்துப் பறவைகளாகிப் போரிட, பிரம்மா வந்து விலக்கியதாகக் கூறுகிறது. சினத்துக்கு வசிட்டரும் விலக்கு அல்லர் என்று காட்டுவதால் இப்பகுதி முக்கியமானது.

மதிப்பீடு

விசுவாமித்திரரின் வாழ்வு ஒருவரே எழுதிய வரலாறு அன்று. வேதப் புலவர், அரச மகன், பசுவைப் பறித்த மன்னன், சாபமிட்ட முனிவர், இராமனின் ஆசிரியர் என்று பல காலத்துச் சித்திரங்கள் ஒரு பெயரின்கீழ் சேர்ந்துள்ளன. அவற்றுள் இலக்கியத் தரத்தால் உயர்ந்து நிற்பது வால்மீகியின் சித்திரம். தோல்வியை மறைக்காமல், ஒவ்வொரு தோல்விக்கும் பின் மனிதர் எங்கே மாறினார் என்பதை அது படிப்படியாகக் காட்டுகிறது.

பள்ளிப் பாடங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக அவர் காட்டப்படுகிறார். ஆயிரம் ஆண்டுகள் என்ற எண்ணிக்கையே பெரும்பாலும் அழுத்தம் பெறுகிறது. முதல் மூன்று தவங்களிலும் விடாமுயற்சிக்குக் குறைவில்லை; ஆனாலும் அவை போதவில்லை. நான்காவது தவத்தில் அவர் சினத்தையும் சொல்லையும் அடக்கினார். கடைசியில் இலையில் இருந்த சோற்றையும் கேட்டவனுக்குக் கொடுத்தார். வசிட்டர் வாயிலிருந்து வந்த சொல்லைவிட அந்த ஒருவேளைச் சோறே அவரைப் பிரம்மரிஷி ஆக்கியது என்பதே பாலகாண்டத்தைப் படிப்பவர் கொள்ளத்தக்க முடிவு.